எம்.பி., எம்.எல்.ஏ., அமைச்சர் ஊர் ஊராகப் போகும் செலவு யார் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பல வருடம் பயணப்படி பில்களைப் பார்த்துக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் விடுவதாக இல்லை. காலை நடையில், கல்யாணப் பந்தியில், குடும்ப வாட்ஸப் குழுவில் என்று எங்கே போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “அவங்க ஃபிளைட்ல பறக்குறதுக்கெல்லாம் நம்ம காசுதானே சார்?” நம்ம காசுதான். ஆனால் எந்தக் கணக்கில், எந்த விதியில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவுக்குள் நடக்கும் பயணங்களைப் பற்றி மட்டும். வெளிநாட்டுப் பயணம் தனிக் கதை.

டி.ஏ. என்றால் பயணப்படியா, தினப்படியா?

தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை. டிராவலிங் அலவன்ஸும் டி.ஏ., டெய்லி அலவன்ஸும் டி.ஏ., போதாக்குறைக்கு அகவிலைப்படியும் டி.ஏ. அதனால் இங்கே தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஆகும் செலவுக்குத் தருவது பயணப்படி. போன இடத்தில் தங்கிச் சாப்பிட நாள் கணக்கில் தருவது தினப்படி. அகவிலைப்படிக்கு இங்கே வேலை இல்லை.

எல்லா அரசியல்வாதிக்கும் ஒரே விதியா?

இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சம்பளம், படிகள், ஓய்வூதியச் சட்டம். மத்திய அமைச்சர்களுக்கு 1952-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். எம்.பி. ஒருவர் அமைச்சராகிவிட்டால் 1954 சட்டத்தின் படிகளிலிருந்து அவர் வெளியே வந்துவிடுவார், இரண்டிலும் கை நீட்ட முடியாது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களுக்கும் மாநில அமைச்சர்களுக்கும் 1951-ஆம் ஆண்டின் சம்பளம் வழங்கும் சட்டமும் அதன் கீழ் போட்ட விதிகளும்.

கட்சிப் பதவி மட்டும் வைத்திருப்பவருக்கு அரசுப் பணம் ஒரு பைசா கிடையாது. மாவட்டச் செயலாளர் பத்து கார் சூழ வந்தால் அது கட்சிக் காசு, அல்லது யாரோ ஒருவரின் காசு.

சென்னை எம்.பி. கூட்டத்தொடருக்கு டெல்லி போகிறார். என்ன வாங்கலாம்?

விமானத்தில் போனால், டிக்கெட் விலையைப் போல ஒன்றேகால் மடங்கு. அதாவது டிக்கெட் 8,000 ரூபாய் என்றால் கணக்கு 10,000 ரூபாய். அந்தக் கால் பங்கு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். வழியில் ஆகும் சில்லறைச் செலவை ஒவ்வொன்றாக பில் வைத்துக் கேட்காமல் மொத்தமாக முடித்துவிடும் பழைய ஏற்பாடு அது. டிக்கெட் விலை ஏறினால் அந்தக் கால் பங்கும் கூடவே ஏறும் என்பதுதான் எனக்கு உறுத்தும். 8,000 ரூபாய் டிக்கெட்டில் போனாலும் 16,000 ரூபாய் டிக்கெட்டில் போனாலும் வழியில் குடிக்கிற காபி ஒரே விலைதானே?

ரயிலில் போனால், எந்த வகுப்பில் போனாலும் ஒரு முதல் வகுப்புக் கட்டணமும் ஓர் இரண்டாம் வகுப்புக் கட்டணமும் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. சாலை வழியென்றால் கிலோமீட்டருக்கு 16 ரூபாய். 2010-இல் அப்படி உயர்த்தினார்கள். தென் சென்னை எம்.பி.க்கு மீனம்பாக்கம் பக்கம்தான், சாலைக் கணக்கில் பெரிதாக ஒன்றும் வராது. தென்காசி எம்.பி. மதுரை விமான நிலையத்துக்கு 160 கிலோமீட்டர் காரில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 160-ஐ 16-ஆல் பெருக்கினால் 2,560 ரூபாய், ஒரு வழிக்கு.

டெல்லியில் இருக்கும் நாட்களுக்கு?

தினப்படி. 2010 முதல் நாளுக்கு 2,000 ரூபாயாக இருந்தது. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பு அதை 2,500 ஆக்கியது, அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. அதே அறிவிப்பில்தான் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது.

அவைக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாளுக்குப் படி. நடுவில் வரும் விடுமுறை நாட்களுக்குக் கையெழுத்து வேண்டாம். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் மூன்று நாள், முடிந்த பின் மூன்று நாள் வரை அங்கே தங்கினாலும் பணியில் இருந்ததாகவே கணக்கு. குழுக் கூட்டம் என்றால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள்.

“கையெழுத்தைப் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டால்?” என்பது அடுத்த கேள்வியாக வரும். போனாலும் படி உண்டு. அவையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதற்கும் தினப்படிக்கும் சட்டம் முடிச்சுப் போடவில்லை.

வருடத்துக்கு 34 விமானப் பயணம் இலவசமாமே?

ஆமாம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் இதில்தான்.

34 என்பது ஒருவழிக் கணக்கு. போக வர 17 தடவை. கூட்டத்தொடருக்கும் குழுக் கூட்டத்துக்கும் போவது இதில் சேராது, அது வேறு கணக்கு. இந்த 34-ஐ எம்.பி. தனியாகவும் பயன்படுத்தலாம், மனைவியோ கணவரோ உறவினரோ உதவியாளரோ கூட வரவும் பயன்படுத்தலாம். மூன்று பேர் ஒரே விமானத்தில் டெல்லியிலிருந்து சென்னை வந்தால் 34-இல் மூன்று போச்சு. துணைவரோ உடன் வருபவரோ எம்.பி. இல்லாமல் தனியாக வந்து அவரைச் சந்திக்க, இதிலிருந்தே எட்டுவரை எடுத்துக்கொள்ளலாம். மிச்சமானால் அடுத்த வருடத்துக்குப் போகும். 34-ஐத் தாண்டிவிட்டால் எட்டுவரை அடுத்த வருடக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பயணம் எதற்காக என்று சட்டம் கேட்பதே இல்லை. தொகுதி வேலையா, கட்சி மாநாடா, மச்சான் வீட்டு கிரகப்பிரவேசமா? எதுவானாலும் சரி. எண்ணிக்கை 34-க்குள் இருந்தால் போதும். ஆகவே “எம்.பி. அரசு செலவில் கல்யாணத்துக்குப் போனார்” என்று யாராவது கொதித்தால், அதில் விதிமீறல் எதுவும் இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோபப்பட வேண்டுமென்றால் அந்த ஆள் மீது அல்ல, எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற விதியின் மீது.

எங்களுக்கெல்லாம் இப்படி இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மதுரைக்கு முகாம், அதாவது அலுவல் பயணம், போனார். வேலை முடிந்ததும் பக்கத்திலேயே சொந்த ஊர் என்று ஒரு நாள் தங்கிவிட்டு வந்தார். அந்த நாளின் தினப்படியையும் சேர்த்து பில் போட்டிருந்தார். ஆட்சேபணை எழுதி வெட்டினோம். தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டினாரா, எந்த ரயிலில் ஏறினார், யார் அனுமதித்தது என்றெல்லாம் கேட்டு 200, 300 ரூபாய்க்கு மல்லுக்கட்டிய கை இது. அந்தக் கண்ணோடு 34-ஐப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ரயிலிலும் இலவசம்தானே?

எந்த ரயிலிலும், எந்த ஊருக்கும், எந்த நாளிலும் முதல் வகுப்பு ஏ.சி. அல்லது எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் போக எம்.பி.க்குப் பாஸ் உண்டு. அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி போகலாம், கோவை வந்தே பாரத்தில் எக்ஸிகியூட்டிவ் பெட்டியில் உட்காரலாம். உடன் ஒருவர் இரண்டடுக்கு ஏ.சி.யில் வரலாம். முன்னாள் எம்.பி.க்களுக்கும் ஆயுள் முழுக்க ரயில் சலுகை உண்டு: துணையோடு என்றால் இரண்டடுக்கு ஏ.சி., தனியாக என்றால் முதல் வகுப்பு ஏ.சி.

இந்நாள், முன்னாள் உறுப்பினர்களின் ரயில் பயணத்துக்கு ஐந்து ஆண்டுகளில் சுமார் 62 கோடி ரூபாய் ஆனது என்று 2022-இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்தது. பெரிய தொகையா சின்னத் தொகையா என்பது அவரவர் கணக்கு. பத்து ரூபாய் மனு ஒன்று அந்த எண்ணை வெளியே கொண்டுவந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

எம்.எல்.ஏ.க்கள்?

தமிழ்நாட்டில் 234 பேர். 2017 ஜூலை முதல் அவர்களின் மாத ஊதியமும் படிகளுமாகச் சேர்த்து 55,000-லிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. அதைப் பிரித்துப் பார்த்தால் சம்பளம் என்று இருப்பது 30,000 மட்டுமே. மீதியெல்லாம் படிகள். அதில் வாகனப்படி 25,000, தொகுதிப்படி இன்னொரு 25,000.

வாகனப்படிக்கு பெட்ரோல் பில் வேண்டாம், எங்கே போனார் என்ற குறிப்பு வேண்டாம். மாதம் பிறந்தால் வந்துவிடும். ஓடினாலும் வரும், ஓடாவிட்டாலும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆர்.கே.நகர் எம்.எல்.ஏ. சட்டசபைக்கு ஆட்டோவில் வந்துவிடலாம். ஜார்ஜ் கோட்டை அவருக்குக் கூப்பிடு தூரம். வால்பாறை எம்.எல்.ஏ. தன் தொகுதிக்குள்ளேயே ஒரு மனுவை வாங்கப் போக 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இருவருக்கும் வாகனப்படி அதே 25,000. சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் பலவற்றை இரண்டு மணி நேரம் நடந்தே சுற்றிவிடலாம். ஒரே அளவாகக் கொடுத்தால் பில் பார்க்கிற வேலை மிச்சம், சண்டை இல்லை. அது உண்மைதான், அந்த நிம்மதி என்ன என்று பில் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனாலும் மலைத் தொகுதிக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அமைச்சர் அரசுக் காரில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. நம் ஊரில் அமைச்சர் தலைமை தாங்காத கல்யாணம் ஒரு கல்யாணமா?

சாதாரண உறுப்பினருக்கும் அமைச்சருக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் இதில் தெரியும். உறுப்பினரின் 34 பயணத்துக்கு நோக்கம் தேவையில்லை என்று பார்த்தோம். அமைச்சரின் சுற்றுப்பயணத்துக்கு நோக்கம் தேவை. சுற்றுப்பயணம் என்று வாங்கும் பயணப்படியும் தினப்படியும் அலுவல் கடமைக்காகப் போனதற்குத்தான் என்று மத்திய அமைச்சர்களுக்கான 1952 சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. கல்யாணம் அலுவல் கடமை அல்ல.

சரி, அப்படியானால் எல்லாரும் எப்படிப் போகிறார்கள்? பயண நிரலைப் பாருங்கள், புரிந்துவிடும். காலை 10 மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். 12 மணிக்கு நலத்திட்ட உதவி வழங்கல். மாலை 6 மணிக்கு, அச்சில் இல்லாத ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. ஆய்வுக் கூட்டம் நடந்தது நிஜம், அதற்கு நிழற்படம் இருக்கிறது, செய்திக் குறிப்பு இருக்கிறது. ஆகவே பயணம் அலுவல் பயணம். கூட்டத்துக்காகப் போனவர் கல்யாணத்தில் தலைகாட்டினாரா, கல்யாணத்துக்காகப் போனவர் கூட்டம் வைத்தாரா? இதைக் கண்டுபிடிக்கக் காகிதத்தில் வழி இல்லை.

எங்களுக்கு மேலதிகாரி ஒருவர் “பயணம் அவசியமானது” என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். அமைச்சரின் பயணம் அவசியமா என்று சொல்ல அவருக்கு மேலே அப்படி ஒரு பிரிவு அதிகாரி உட்கார்ந்திருக்கவில்லை. அவருடைய அலுவலகம் தயாரிக்கும் நிரலே ஆதாரம். கணக்குப் பிரிவில் இருப்பவர் கிலோமீட்டரைச் சரிபார்க்கலாம், கூட்டலைச் சரிபார்க்கலாம். நோக்கத்தைச் சரிபார்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, துணிச்சலும் வராது.

மாட்டுவதாக இருந்தால் அரசு வாகனத்தின் லாக் புக்கில் மாட்டலாம். எந்த நேரம் கிளம்பியது, மீட்டர் எவ்வளவு, எங்கே போனது என்று ஓட்டுநர் எழுத வேண்டிய புத்தகம் அது. தணிக்கைக்காரர்கள் ஆசையாகப் புரட்டும் புத்தகமும் அதுவே. தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைப் பார்த்தபடி இருக்கும் மாநில கணக்காயர் அலுவலகத்திலிருந்து தணிக்கைக் குழு வருகிறது என்றாலே, சில அலுவலகங்களில் லாக் புக் அவசர அவசரமாக ஒரே பேனாவில் எழுதப்படும். மூன்று மாத மை ஒரே நிறத்தில் இருந்தால் எங்களுக்கே சிரிப்பு வரும்.

தேர்தல் நேரத்தில்?

அப்போது மட்டும் விதி கறார். தேர்தல் தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் வந்துவிடும். அலுவல் பயணத்தையும் பிரசாரத்தையும் அமைச்சர் சேர்க்கக் கூடாது. அரசு வாகனம், அரசு விமானம், அரசு ஊழியர் யாரும் ஆளும் கட்சியின் பிரசாரத்துக்குப் பயன்படக் கூடாது. அரசுக் கார் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் மட்டும். அதாவது கிரீன்வேஸ் சாலையிலிருந்து கோட்டைக்கு வரலாம், வழியில் மயிலாப்பூரில் இறங்கி வாக்குக் கேட்கக் கூடாது. பயணத்தையும் பிரசாரத்தையும் சேர்க்கக் கூடாது என்பதில் பிரதமருக்கு மட்டும் விலக்கு உண்டு.

அரசு ஊழியரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்துவது வெறும் நடத்தை விதி மீறல் அல்ல, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(7) பிரிவில் ஊழல் நடவடிக்கை. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியை ரத்து செய்தது இந்தப் பிரிவில்தான். உத்தரப் பிரதேச அதிகாரிகள் அவருக்கு மேடை போட்டுக் கொடுத்ததும் தீர்ப்பில் ஒரு காரணம். சட்டத்தைத் திருத்திய பிறகு அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இடையில் நெருக்கடி நிலை வந்துவிட்டது.

போகாத பயணத்துக்கு பில் போட்டால்?

அது குற்றம். நடந்தும் இருக்கிறது. பீகாரைச் சேர்ந்த அனில் குமார் சஹானி மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, போலி இ-டிக்கெட்டும் போலி போர்டிங் பாஸும் வைத்து, போகாத விமானப் பயணங்களுக்கு 23.71 லட்சம் ரூபாய் கேட்டார் என்பது வழக்கு. 2013-இல் சி.பி.ஐ. பதிவு செய்தது. 2022-இல் டெல்லி நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. அதற்குள் அவர் பீகாரில் எம்.எல்.ஏ. ஆகியிருந்தார், அந்தப் பதவியும் போனது.

கவனியுங்கள், அவர் மாட்டியது “ஏன் போனாய்?” என்ற கேள்வியில் அல்ல. “போனாயா?” என்ற கேள்வியில். நம் விதிகள் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

வேறு நாட்டில் “ஏன் போனாய்” என்று கேட்கிறார்களா?

ஆஸ்திரேலியாவில் கேட்கிறார்கள், அதுவும் ஒரு ஹெலிகாப்டர் புண்ணியத்தில். அந்நாட்டுச் சபாநாயகர் பிரான்வின் பிஷப், மெல்போர்னிலிருந்து ஜீலாங்குக்குக் கட்சியின் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அரசு செலவில் ஹெலிகாப்டரில் போனார். நம் ஊர்க் கணக்கில் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். வாடகை 5,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 2015-இல் விஷயம் வெளியே வந்து பதவி விலகினார். 2017-இல் புதிய சட்டம். பயணத்தின் முதன்மை நோக்கம் நாடாளுமன்றப் பணியாக இருக்க வேண்டும், கொடுத்த பணத்துக்குப் பெறுமானம் இருக்க வேண்டும், கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். தவறாக வாங்கியிருந்தால் திருப்பித் தருவதோடு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட நேரலாம். இதைப் பார்ப்பதற்கென்றே தனி ஆணையம் இருக்கிறது.

அதனால் அங்கே தகராறே இல்லை என்று நினைக்க வேண்டாம். காலையில் ஒரு கூட்டம், மாலையில் சொந்த வேலை என்ற வித்தை அவர்களுக்கும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், செலவு விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாக வெளியே வருகிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

நான் என் எம்.பி.யின், எம்.எல்.ஏ.வின் பயணக் கணக்கைக் கேட்கலாமா?

தாராளமாக. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம். எம்.பி. பற்றி என்றால் மக்களவைச் செயலகம் அல்லது மாநிலங்களவைச் செயலகம், யார் எந்த அவையோ அதற்கு. எம்.எல்.ஏ. என்றால் ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் சட்டமன்றப் பேரவைச் செயலகம். மாநில அமைச்சரின் பயணம் என்றால் தலைமைச் செயலகப் பொதுத்துறைக்குப் போடுங்கள். அது வேறு துறையிடம் இருந்தால் ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. மாநில அலுவலகத்துக்கு மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. “ஊழல் செய்தாரா?” என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல, அபிப்பிராயம். “2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை இன்ன தொகுதி உறுப்பினருக்கு வழங்கிய பயணப்படி எவ்வளவு, தினப்படி எவ்வளவு, மாதவாரியாகத் தருக” என்று கேளுங்கள். 34-இல் எத்தனை செலவானது, அதில் உடன் வந்தவர்களின் எண்ணிக்கை எத்தனை என்று கேளுங்கள். உடன் வந்தவர் பெயரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மொத்த மனுவையும் ஓரம் கட்டிவிடுவார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. அமைச்சர் என்றால் பயண நிரலின் நகலும், வாகன லாக் புக்கின் நகலும் குறிப்பிட்ட ஒரு மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். ஐந்து வருடத்துக்குக் கேட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று உங்களுக்கே பில் வரும்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் முறையீடு.

எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால்?

சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. யாராவது போனில் கூப்பிட்டு “எதுக்கு சார் இதெல்லாம் உங்களுக்கு?” என்று பாசமாக விசாரித்தால், “எழுத்துல பதில் கொடுத்துடுங்க சார்” என்று நீங்களும் பாசமாகச் சொல்லிவிடுங்கள். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளை எண்ண அதுதான் ஆதாரம்.